தோற்றவர்களுக்கு முதல் தேநீர்

நம் கர்லிங் அணிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் முதல் நாளே என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "அக்கா, நீங்க ஜெர்மனிக்கு விளையாடினவங்களாமே, மெடல் எல்லாம் வீட்ல மாட்டி வச்சிருக்கீங்களா?" வீட்டில் இருப்பது தேய்ந்துபோன ஒரு துடைப்பமும் அதைவிடத் தேய்ந்துபோன ஒரு முழங்காலும். பதக்கம் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்காமல் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கல்லை எப்படிப் பிடிப்பது, வழுக்கும்போது காலை எங்கே வைப்பது என்பதையெல்லாம் செல்வி காட்டித் தருவாள். இதயம் தொண்டைக்குழிக்கு வந்து நிற்கும்போது என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஜெர்மனியில். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு பனித்தளம் இருந்தது. வெளியே உறையும் குளிர், உள்ளே காசில்லாமல் சூடான சூப். சூப்புக்காகப் போனவள்தான், கர்லிங்கில் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு அதை விளக்கப் பட்ட பாடு இருக்கிறதே! "பெரிய கருங்கல்லைப் பனியில் வழுக்கிவிட வேண்டும் அம்மா. அங்கே தூரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கும், அதற்குப் பெயர் வீடு. அதன் நடுப்புள்ளிக்குக் கிட்ட யாருடைய கல் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் போகும் வழியைத் துடைப்பத்தால் தேய்த்தால் அது இன்னும் கொஞ்சத் தூரம் போகும், வளையாமலும் போகும். அந்தத் தேய்க்கிற வேலைதான் எனக்கு" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டைக் கூட்டடி எண்டா பஞ்சிப்படுவாய். ஊரான்ர ஐஸைக் கூட்டுறதுக்கு விடியக் காலமை எழும்பிப் போறியோ?"

விடியற்காலையில் எழுந்துதான் போனேன். பல வருடம் கூட்டினேன், கடைசியில் நாட்டுக்காகவும் கூட்டினேன். பெயர்ப் பலகையில் என் பெயர் எப்போதும் கடைசி வரியில்தான் இருக்கும். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

எங்கள் அணித்தலைவியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, எனவே தலைவி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவர் வீட்டுக்குள் நின்று "வேண்டாம், தேய்க்காதே" என்று கத்துகிறார். எனக்கோ கல் சோர்ந்து வருவதாகத் தெரிந்தது. 'இது வந்து சேராது, இவருக்கு என்ன தெரியும்' என்று தேய்த்துத் தள்ளிவிட்டேன். வளைந்து போக வேண்டிய கல் நேரே போய் முன்னால் நின்ற கல்லில் முட்டியது. ஆட்டம் போயிற்று.

மறுநாள் தலைவி என்னைக் கூப்பிட்டு, அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினார். எதிர்முனையிலிருந்து கல்லை விடச் சொன்னார். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். கல் எந்தப் பக்கம் வளைகிறது என்பது நூல் பிடித்தாற்போலத் தெரிகிறது என்றேன். "வேகம்?" என்றார். நேராக என்னை நோக்கி வரும் கல்லின் வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரியவில்லை என்றேன்.

"எனக்கும் தெரியாது. அதற்குத்தானே உன்னை வைத்திருக்கிறேன்" என்றார்.

அவ்வளவுதான் திட்டு. கூட ஓடுபவளுக்கு வேகம் தெரியும், எதிரே நிற்பவளுக்குத் திசை தெரியும். இரண்டும் ஒருத்திக்குத் தெரியாது. தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவள் தனியாக விளையாடும் ஆட்டமாகப் பார்த்துப் போய்ச் சேரலாம், டென்னிஸ் நல்ல ஆட்டம். அன்றிலிருந்து நான் கல்லோடு ஓடும்போது அதன் வேகத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். முடிவை அவரிடம் விட்டேன்.

பிறகு முழங்கால் போனது, கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஈசூனில் வளர்ந்தவர். அவரோடு சிங்கப்பூருக்கு வந்து இறங்கி, விமான நிலையக் கதவு திறந்து அந்தச் சூடு முகத்தில் அடித்ததும், இனி என் வாழ்க்கையில் ஐஸ் என்றால் அது தே பெங் என்ற குளிர்ந்த டீ டம்ளரில் மிதப்பது மட்டும்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

விதி லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்து உட்கார்ந்திருந்தது. ரவிக்கைத் துணி எடுக்கப் போனேன். கடைக்குள் தொலைக்காட்சியில் பனிக்கால விளையாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவில் இருந்த அம்மா, துணியை மடித்தபடியே, "என்ன இந்தப் பொண்ணுங்க, கையில வெளக்குமாத்த வச்சுக்கிட்டு இப்படிக் கத்துறாங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். கடை மூடும் நேரம் வரை திறந்த வாய் மூடவில்லை. அவர்தான் பானு அக்கா.

உங்களில் யாரும் அவரை அப்போது பார்த்ததில்லை. பரம்பரையாகத் துணி விற்கும் குடும்பம். வாடிக்கையாளர் வாங்குகிறாரோ இல்லையோ, கடைக்குள் கால் வைத்தவர் டீ குடிக்காமல் போக முடியாது. "வேணாம்க்கா, இப்பதான் குடிச்சேன்" என்று யாராவது சொன்னால், "அது அங்க குடிச்சது" என்பார். எல்லாவற்றையும் கேட்டு முடித்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன் வதனி, இது நம்மளால முடியாதா?"

"ஏலும் அக்கா. ஆனா நாலு பேர் வேணும்."

"நாலு பேரா? கடைக்கு ஒரு நாளைக்கு நாப்பது பொம்பளைங்க வர்றாங்க லா" என்று இந்த ஊர் 'லா' போட்டு முடித்தார்.

அடுத்த வாரமே இரண்டு பேரைப் பிடித்துவிட்டார். ஒருத்தி செல்வி. மருத்துவமனைத் தாதி, ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு இரண்டு புளோக் தள்ளி இருந்தவள், அக்காளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள். இன்னொருத்தி மே லிங். சுவா சூ காங் வட்டாரத்தில் பள்ளி ஆசிரியை, பள்ளித் தீபாவளிக் கொண்டாட்டத்துக்குப் பாவாடை தாவணி தைக்க வந்த இடத்தில் கையில் துடைப்பம் கொடுக்கப்பட்டவள். சீனப் பெண்தான், ஆனால் தமிழ்க் குடும்பத்துக்கு அடுத்த வீட்டில் வளர்ந்ததால் நம் சண்டைகள் எல்லாம் அவளுக்குப் புரியும்.

சனிக்கிழமை காலை டோபி காட் ரயில் நிலையத்தில் நான்கு பேரும் சேர்வோம், அங்கிருந்து பேரங்காடிப் பனித்தளத்துக்குப் போவோம். ஒருமுறை மே லிங் துடைப்பத்தோடு ரயிலில் நிற்க, ஒரு மூதாட்டி அவளிடம் தன் வீட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு கேட்பாள் என்று விசாரித்திருக்கிறார். "சனிக்கிழமை ஃப்ரீ இல்ல ஆன்ட்டி" என்றாளாம் இவள்.

இப்போது நான் செய்த மடத்தனத்துக்கு வருகிறேன். பனித்தளத்தின் மறுபாதியில் ஐஸ் ஹாக்கிப் பிள்ளைகள் பயிற்சி செய்வார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் ஆங்கிலத்தில் 'போ, நில், வேகம்' என்று கத்தும்போதெல்லாம், அது நான் கத்துவதா என்று எங்கள் ஆட்கள் குழம்பினார்கள். சரி, நாம் தமிழில் கத்துவோம் என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். முதல் கல் வந்தது. பாதி வழியில் சோர்ந்தது. நான் வீட்டுக்குள் நின்று அடிவயிற்றிலிருந்து, "கெதியா! கெதியா!" என்று கத்தினேன்.

செல்வி சட்டென்று நின்றாள். இரண்டு கையாலும் துடைப்பத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மே லிங்கும் அப்படியே இறுக்கினாள். கல் அவர்களைக் கடந்து நாலடி போய் உயிரை விட்டது.

"ஏன் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நீங்கதானே அக்கா, கெட்டியா கெட்டியான்னு கத்தினீங்க. கெட்டியா புடிச்சேன்."

எங்கள் வீட்டில் கெதியா என்றால் சீக்கிரம். சாப்பிடு கெதியா, வா கெதியா, படி கெதியா என்று அம்மா என்னை வளர்த்ததே அந்தச் சொல்லில்தான். அது உலகத் தமிழர் அனைவருக்கும் புரியும் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. பானு அக்கா பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார், எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. பிறகு நால்வரும் கூடிப் பேசினோம். தேய்க்க 'கூட்டு', நிறுத்த 'போதும்'. "கூட்டுன்னா எனக்குப் பூசணிக்காக் கூட்டு ஞாபகம் வந்து பசிக்குதே" என்று பானு அக்கா ஆட்சேபித்தார், வாக்கெடுப்பில் தோற்றார். அன்று முதல் அந்த இரண்டு சொல்லையும் எங்களில் யாரையும்விடச் சத்தமாகக் கத்துபவள் மே லிங்தான். நெருக்கடியில் உங்கள் வாயில் வரும் சொல் உங்களுக்குப் பிடித்த சொல்லாக இருந்து பயனில்லை. கேட்பவளின் காதில் விழ வேண்டும். கிளம்பும் முன்பே அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் ஜப்பானில் ஒரு சிறிய போட்டிக்குப் போனோம். எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஆட்டத்துக்குப் பிறகு நடந்தது. கர்லிங்கில் ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் இனிப் பார்ப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் பானத்தை வாங்கிக் கொடுக்க வேண்டும். காப்பியோ, டீயோ, எதுவோ. இதைப் பானு அக்காவிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துபோனேன்.

ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், பானு அக்கா கைப்பையைத் திறந்தபடி விடுவிடுவென்று உணவகத்துக்குள் போய்விட்டார். எட்டுப் பேருக்கும் அவரே வாங்குவதாக ஏற்பாடு. ஜெயித்த அணியின் தலைவி, பார்த்தால் பள்ளிப் பெண் போல இருப்பார், பின்னாலேயே ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். பானு அக்கா அந்தக் கையைப் பிடித்தார். அவர் இவர் பையைப் பிடித்தார். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் பில் வரும்போது நடக்குமே, அதே மல்யுத்தம். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பெண்ணின் முகம் உண்மையிலேயே கலவரப்பட்டிருந்தது. தன் வெற்றியைப் பறிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் போல. நான் நடுவில் புகுந்து விலக்கினேன்.

"அக்கா, விடுங்கோ. நாங்கள் தோத்தனாங்கள். நாங்கள் வாங்கக் கூடாது."

"தோத்தா ஒருத்தருக்கு டீ வாங்கிக் கொடுக்கக் கூடாதா? இது என்ன சட்டம்?"

"இந்த விளையாட்டின்ர சட்டம் அக்கா."

பானு அக்கா வந்து உட்கார்ந்தார். சூடான சாக்லேட் பானம் வந்தது. அவர் அதைக் குடித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கஷாயம் குடிப்பவர்கூட அதைவிட மலர்ந்த முகத்தோடு குடிப்பார்.

அந்தப் போட்டி மட்டுமில்லை. மூன்று வருடம், போன இடமெல்லாம் தோற்றோம். போன இடமெல்லாம் குடித்தோம். கொரியாவில் காப்பி, இங்கேயே வந்து ஆடிய ஒரு வெளிநாட்டு அணியிடம் மாம்பழச் சாறு. மற்ற மூவருக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பானு அக்காவுக்கு அது உள்ளே போய்த் தைத்திருந்தது என்பது ஒருநாள் கடையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

"என் வாசல்ல வந்தவங்க யாரும் வெறும் வயித்தோட போனதில்ல வதனி. மூணு வருஷமா நான் மட்டும் அடுத்தவங்க மேசையில உக்காந்து வாங்கிக் குடிச்சுக்கிட்டிருக்கேன். சிரிக்காத. ஒரே ஒரு தடவ நான் வாங்கிக் கொடுக்கணும். அடுத்த ஆட்டத்துலயும் அது இல்லைன்னா நான் நின்னுக்கறேன். கடையப் பாத்துக்கிட்டு மரியாதையா இருந்துடறேன்."

நான் சிரிக்கவில்லை. அவர் சும்மா சொல்லும் ஆள் இல்லை. அவர் போனால் அணியில் மூன்று பேர்தான். மூன்று பேருக்கு அணி என்று பெயர் இல்லை. நீங்கள் ஐந்து பேரும் இன்று இங்கே வந்து நிற்க ஓர் இடமே இருந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியிலிருந்து என் பழைய தலைவியின் மின்னஞ்சல் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஓயாத நான்கு பேர் நியூசிலாந்துக்குப் போகிறார்களாம். வழியில் சிங்கப்பூரில் இரண்டு நாள். "உன் ஊரில் ஐஸ் இருக்கிறதா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறது என்று பதில் எழுதினேன். எப்படிப்பட்ட ஐஸ் என்று எழுதவில்லை.

நம் பேரங்காடி ஐஸ் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கிக் கீறல் விழுந்தது. ஒரு மூலையில் மேடு, ஒரு மூலையில் ஈரம். கண்ணாடி போன்ற தளத்தில் ஆடிப் பழகிய என் பழைய தோழிகளின் கற்கள் முதல் இரண்டு சுற்றில் தறிகெட்டு ஓடின. நாங்கள் முன்னால் போனோம். தலைவி தளத்தை ஒருமுறை நடந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கல் தவறவில்லை. மெதுவாக எட்டிப் பிடித்தார்கள். கடைசிச் சுற்றுக்கு வரும்போது இரண்டு அணியும் சமம்.

கடைசிக் கல் எங்களுடையது. எறிபவர் பானு அக்கா. அவர்களுடைய கல் ஒன்று நடுப்புள்ளிக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் நின்றது. அதைவிட நெருக்கமாக எங்கள் கல்லை நிறுத்த வேண்டும். நான் வீட்டுக்குள் நின்று திசை பார்த்தேன். செல்வியும் மே லிங்கும் கல்லோடு ஓடத் தயாராக நின்றார்கள். மேல்மாடிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பை நிறையச் சாமான்களோடு சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பானு அக்கா கல்லை விட்டார். நல்ல கல். "கூட்டு!" என்றேன். "கூட்டு கூட்டு கூட்டு!" என்று மே லிங் ஆறு மாடிக்கும் கேட்கக் கத்திக்கொண்டு தேய்த்தாள். ஈரமான மூலையைத் தாண்டியது, மேட்டில் ஏறி இறங்கியது, வீட்டுக்குள் நுழைந்தது. "போதும்!" என்றேன். கல் வந்து, வரைந்து வைத்தாற்போல நடுப்புள்ளியின் மேல் நின்றது.

மே லிங் குதித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பானு அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, விழுந்துவிடுவாரோ என்று பயப்படும் வேகத்தில் வந்துகொண்டிருந்தார். நானும் கத்த வாயைத் திறந்தேன். அப்போது செல்வி கையைத் தூக்கினாள்.

"அக்கா. என் துடைப்பம் கல்லுல பட்டுச்சு."

யாரும் பார்க்கவில்லை. நடுவர் கிடையாது. நான் பார்க்கவில்லை, பக்கத்தில் ஓடிய மே லிங்கும் பார்க்கவில்லை. ஜெர்மன்காரர்கள் ஏற்கெனவே தலையை ஆட்டி ஒப்புக்கொண்டிருந்தார்கள். செல்வி சொல்லாமல் இருந்திருந்தால் அது உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. 'கையைக் கீழே போடு பெண்ணே' என்று என் மனம் சொன்னது, அதை மறைக்க மாட்டேன். பானு அக்கா பாதி வழியில் நின்றுவிட்டார். தூக்கிய கைகள் மெல்ல இறங்கின. ஆனால் பேச்சு தெளிவாகத்தான் வந்தது.

"பட்டா பட்டதுதான். துணியில கறை இருந்தா சொல்லித்தானே விப்போம். போய்ச் சொல்லு வதனி."

கற்றுக்கொள்ளுங்கள், இந்த ஆட்டத்தில் தப்பைச் சொல்ல வேண்டியது செய்தவள்தான். தீர்ப்பு சொல்ல வேண்டியது எதிரணித் தலைவி. வீட்டருகே கல்லில் துடைப்பம் பட்டால் அவர் அந்தக் கல்லை எடுத்து வெளியே வைக்கலாம், அப்படியே விடலாம், அல்லது படாமல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ அங்கே நகர்த்தி வைக்கலாம். வெளியே வைத்தால் எங்கள் கதை முடிந்தது.

தலைவியிடம் ஜெர்மனில் சொன்னேன். அவர் கல்லைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். "படாவிட்டால் எவ்வளவு தூரம் போயிருக்கும்? அவளையே கேள். கூட ஓடியவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

கேட்டேன். செல்வி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். "இன்னும் ஒரு சாண் போயிருக்கும் அக்கா."

சாணுக்கு ஜெர்மனில் சொல் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து அது நாக்கில் வரவில்லை. கையை விரித்துக் காட்டினேன். என் கை என் அப்பாவின் கை, முறம் மாதிரி இருக்கும். நான் காட்டிய சாணுக்குக் கல்லை நகர்த்தினால் அவர்களுடைய கல்தான் நெருக்கம் என்று எல்லோருக்கும் கண்ணாலேயே தெரிந்தது. தலைவி குனிந்து என் கையைப் பார்த்தார். பானு அக்கா வேறெங்கோ பார்த்தார்.

"அக்கா," என்றாள் மே லிங், வகுப்பில் பிள்ளை கேட்பது போல, "யாரோட சாண்?"

நான் என் கையைப் பார்த்தேன். செல்வியின் கையைப் பார்த்தேன். குழந்தைக் கை அவளுக்கு. சிரிப்பு வந்துவிட்டது. எறும்பும் தன் கையால் எண் சாண் என்று எங்களிடம் ஒரு பழமொழி உண்டு என்று தலைவியிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன் தோழிகளிடம் திருப்பிச் சொன்னார். "சரிதான். சொன்னது அவள். அளப்பதும் அவள் கையாக இருக்கட்டும்" என்றார்.

செல்வி கையுறையைக் கழற்றினாள். பனியில் மண்டியிட்டுக் கட்டைவிரலைக் கல்லின் விளிம்பில் ஒட்டி வைத்தாள். சுண்டுவிரலை நீட்டினாள். நீட்டினாள், நீட்டிக்கொண்டே போனாள்.

"சும்மா வை செல்வி," என்றேன் மெதுவாக, "ஏன் இப்பிடி இழுக்கிறாய்?"

"எட்டுற வரைக்கும் வச்சாத்தானே அக்கா சாண்."

தலைவி அந்தச் சுண்டுவிரல் நுனி வரை கல்லைக் காலால் தள்ளி வைத்தார். தன் கல்லைப் பார்த்தார். எங்கள் கல்லைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து பார்த்தார், வீட்டைச் சுற்றி வந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தார். இரண்டு விரற்கடை வித்தியாசம். கையுறையைக் கழற்றி, பானு அக்காவை நோக்கிக் கையை நீட்டினார்.

"என்ன வதனி, போச்சா?" என்றார் பானு அக்கா, கையைக் கொடுக்காமல்.

"இல்லை அக்கா. எங்கட கல்தான் கிட்ட. வந்திட்டுது."

அவர் அந்தக் கையைக் குலுக்கவில்லை. ஆளையே பிடித்துக் கட்டிக்கொண்டார். தலைவி உயரம், பானு அக்கா குள்ளம், இரண்டு பேரும் வழுக்கி உட்கார்ந்தார்கள். நான் அழுதேன். ஜெர்மனிக்காக ஆடிய அத்தனை வருடத்தில் பனித்தளத்தில் அழுதவள் இல்லை.

உடுப்புக்கூட மாற்ற விடவில்லை பானு அக்கா. எட்டுப் பேரும், எட்டுத் துடைப்பமும், லிட்டில் இந்தியாவில் அவர் கடைக்குப் பக்கத்துச் சந்து டீக்கடைக்குள் நுழைந்தோம். இரண்டு மேசையை இழுத்து ஒன்றாகப் போட வைத்தார். நுரை பொங்க ஆற்றிய எட்டு தே தாரிக் டீ, சுடச்சுட வடை, பரோட்டா, எங்கள் யாரிடமும் கேட்காமலே சொன்னார். அவர் பையைத் திறந்தபோது அதற்குள் சேதி தெரிந்துவிட்ட கடைக்கார பாய் கையை உதறினார்.

"என்னம்மா இது? முதல் தடவ ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்க. உங்ககிட்ட நான் காசு வாங்குவேனா? இது என் கணக்கு லா."

பானு அக்காவின் முகத்தை எப்படிச் சொல்வேன்? மூன்று வருடக் கோபமும் ஒன்றாகத் திரண்டு அந்த நல்ல மனிதர்மேல் இறங்கியது.

"பாய், நீங்க வாங்கிக் கொடுத்தா ஜெயிச்சது நீங்கன்னு ஆயிடும். மரியாதையா காசப் புடிங்க."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்.

தே தாரிக் வந்தது. தோற்ற நால்வருக்கும் பானு அக்காவே தன் கையால் எடுத்து வைத்தார், நுரை சிந்தாமல். தலைவி முதல் மடக்குக் குடித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். பானு அக்கா உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டினோம், கையைப் பிடித்து இழுத்தோம், அசையவில்லை. தன் டீயைத் தொடவும் இல்லை. மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து யார் தட்டு காலியாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை வருவீங்களா அக்கா?" என்று கேட்டாள் மே லிங், வாயில் வடையோடு.

"பின்ன? இவங்க திரும்பி வரும்போது யாரு வாங்கிக் கொடுக்கறது?"

தலைவி வயிற்றைத் தடவிக் காட்டி, தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மூடினார். இனி ஒரு வாய்கூட முடியாது என்று ஜெர்மனில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"அதெல்லாம் தோத்தவங்க சொல்லக் கூடாது லா," என்றார் பானு அக்கா. அந்தக் கைகளை மெல்ல விலக்கிவிட்டு, இன்னொரு வடையை வைத்தார்.